மலைச் சரளைப் பாதைகளில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பலவும் பாதையின் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்கின்றன. அதற்கு உரிய இடத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். டயரின் அகலம், சைக்கிளோடு சேர்த்த மொத்த எடை, பாதையின் மொத்த ஏற்றம் ஆகிய மூன்றையும் குறிப்பிடாத கடிதங்களுக்குப் பொதுவான பதிலுக்கு மேல் எதுவும் சொல்ல இயலாது.

கேள்வி: 38 மி.மீ. டயரோடு மலைச் சரளையில் போகலாமா?

நன்கு இறுகிய, காய்ந்த பாதையானால் போகலாம். கற்கள் பெயர்ந்து கிடக்கும் பாதையானால் 45 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள். அகலமான டயர் வாங்குமுன், ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் டயருக்கு இருபுறமும் ஐந்தாறு மி.மீ. இடைவெளி மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். மிஞ்சாவிட்டால் டயரில் ஒட்டும் சேறு சட்டத்தை அரத்தைப்போல் தேய்க்கும்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

எந்த டயர், யார் ஓட்டப்போகிறார் என்று எழுதியிருந்தால் நேராகச் சொல்லியிருப்பேன். ஏறக்குறைய 75 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்பக்கம் 28, பின்பக்கம் 31 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் ஐந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டாகக் குறையுங்கள். கல்லில் ரிம் தட்டும் ஓசை கேட்டாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலோ, மறுபடி இரண்டு கூட்டுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவே அல்ல. பெரிய பம்புகளில் பொருத்தப்பட்ட மானியும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பெரும்பாலும் பிசகும் என்பதால், தனியாக ஓர் அழுத்தமானி வைத்துக்கொள்வதே முறை.

கேள்வி: 100 கி.மீ. மலைப்பாதை ஒன்றின் ஜிபிஎக்ஸ் கோப்பு (ஜிபிஎஸ் பாதைப் பதிவு) கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் முடித்துவிடலாமா?

முடியாது. இந்த ஒரு சொல்லோடு நகர்ந்திருப்பேன். ஆனால் இதே கேள்வி மாதந்தவறாமல் வருவதால் ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

மலைப்பாதைக்குக் கிலோமீட்டர் ஓர் அளவே ஆகாது. ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். சைக்கிளும் சுமையும் சேர்த்து 90 கிலோ எடையை மணிக்கு 600 மீட்டர் உயர்த்துவதற்கு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 150 வாட் தேவைப்படுகிறது. அதை மணிக்கணக்கில் தருவது, ஒழுங்காகப் பயிற்சி செய்கிற ஒருவருக்கே நல்ல உழைப்பு. பாதையில் மொத்தம் 2,000 மீட்டர் ஏற்றம் இருந்தால், அதற்கே மூன்றரை மணி நேரம் போய்விடும். சராசரி ஏழு சதவீதச் சரிவு என்று கொண்டால், அந்த நேரத்தில் நீங்கள் கடந்திருப்பது முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. உதிரிச் சரளையில் இறக்கமும் வேகமாக அமையாது. மணிக்கு இருபது என்று வையுங்கள். நிற்பது, உண்பது, ஒரு பஞ்சர் எல்லாம் சேர்த்தால் பிற்பகல் மூன்று மணிக்கு முன் முடிக்க வாய்ப்பில்லை.

அடுத்து, கோப்பில் காட்டும் ஏற்றத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல திட்டமிடும் செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்தது. அது நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டர்க் கட்டங்களாகவே பார்க்கிறது; செங்குத்தான மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதையில், மேலே உள்ள பாறையும் கீழே உள்ள பள்ளமும் அதே கட்டத்துக்குள் வந்துவிடுவதால், சமமாகச் செல்லும் பாதைகூடக் கணக்கில் ஏறி இறங்குகிறது. இந்தப் பொய் ஏற்றத்தை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகச் சமன்செய்வதால், ஒன்றில் 1,800 மீட்டர் என்று வரும் பாதை இன்னொன்றில் 2,300 ஆகிவிடும். சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் பெரிய ஏற்றங்களை நீங்களே எண்ணிக் கூட்டுவது பத்து நிமிட வேலை.

தரையின் தன்மை இதைவிட மோசமான குழப்பம். தன்னார்வலர்கள் உருவாக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இலக்கணப்படி ‘கிராவல்’ என்பது தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லியைப் போன்ற பெரிய உடைகல். நாம் விரும்பி ஓட்டும் இறுகிய பாதைக்கு ‘கம்பாக்டட்’ என்ற தனிக் குறி இருக்கிறது. வரைபடத்தில் பதிவிடுவோரில் பலர் இரண்டையும் கலந்தே எழுதுகிறார்கள். வண்டித்தடங்களின் உறுதியைக் குறிக்கும் ஒன்று முதல் ஐந்து வரையிலான தரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நான்கும் ஐந்தும் இளகிய மண், மழைக்குப் பின் அங்கே போகாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு கோப்பை நம்பிப் போனேன். திரையில் மெல்லிய கோடாகத் தொடர்ந்த கடைசி நான்கு கிலோமீட்டர், நேரில் மழைநீர் அரித்த ஓடைப்படுகையாக இருந்தது. முஷ்டியளவுக் கற்களின்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது, இரண்டடிக்கு ஒருமுறை இடது பெடலின் ஆணிகள் என் வலது கெண்டைக்காலைக் கீறின. அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகி, இருட்டியும் விட்டது. கோப்பைப் பதிவுசெய்தவர் அதை மவுன்டன் பைக்கில், எதிர்த்திசையில், இறக்கமாக ஓட்டியிருந்தார். அதை அவர் குறிப்பில் எழுதியும் இருந்தார், நான்தான் படிக்கவில்லை. எனவே கோப்பை இறக்குமுன் யார், எந்தச் சைக்கிளில், எந்தத் திசையில், எந்தப் பருவத்தில் என்ற நான்கையும் கேளுங்கள். ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: முன்னால் 40 பல் செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்), பின்னால் 11-42 காசெட் (11 முதல் 42 பல் வரையிலான பல்சக்கரத் தொகுதி). மொத்த எடை 90 கிலோ. 12 சதவீத ஏற்றத்துக்கு இது போதுமா?

விவரத்தோடு கேட்டவர் இவர் ஒருவரே. உங்கள் மிகச் சிறிய கியரில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும்; நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். 12 சதவீதச் சரிவில் அதற்கு 220 வாட் வேண்டும், சரளையின் உராய்வு தனி. செயின்ரிங்கை 32 பல்லாக்கினால் அதே மிதிவேகத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டரும் 180 வாட்டுமாக இறங்கிவிடும். எழுந்து நின்று சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். எழுந்ததும் பின்சக்கரத்தின்மேல் இருந்த பாரம் குறைந்து, சரளையில் அது சுழன்று நின்றுவிடும். உட்கார்ந்தபடியே ஏற முடிகிற கியர்தான் மலைக்கு ஏற்ற கியர்.

கேள்வி: இறக்கத்தில் முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

இரண்டும். நேர்ப்பாதையில், வளைவுக்கு முன்பே, முன் பிரேக்கைக் கூடுதலாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சாய்ந்து திரும்பும்போது அதை விட்டுவிடுங்கள், ஏனெனில் சரளை வளைவில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவதைத் தவிர வழியில்லை. மலை முழுவதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது பிரேக் பேடைச் சூடாக்கிப் பளபளக்கச் செய்யும். அழுத்திப் பிடித்து முழுமையாக விடுவதே சரி. நனைந்த மணல் ஒட்டும் பருவத்தில் ஆர்கானிக் பேடுகள் ஒரே நாளில் தேய்ந்துபோவதுண்டு. உலோகத்தூள் கலந்த பேடு சத்தமிட்டாலும் தாங்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு அல்லது ஏழு டிகிரி குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். விறைத்த விரல்களால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. கையுறையையும் காற்றுச் சட்டையையும் உச்சியில் நின்று போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: பாதையின் குறுக்கே அலையலையாக வரிகள் விழுந்து, கையெல்லாம் உதறுகிறது. என்ன செய்வது?

அந்த வரிகள், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும் சக்கரங்கள் உதிரி மண்ணில் துள்ளித் துள்ளி விழுவதால் உருவாகின்றன. பெரும்பாலும் பாதையின் விளிம்பில் ஓரடி அகலத்துக்கு வரியில்லாத பட்டை கிடைக்கும், அதில் ஓட்டுங்கள். இல்லாத இடத்தில் கனமான கியருக்கு மாறி, இருக்கையிலிருந்து சற்று எழும்பி, கைப்பிடியைத் தளர்வாகப் பற்றுங்கள். காற்று அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அழுத்தமானியில்.

கேள்வி: ட்யூப்லெஸ் டயரில் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்று நிரப்பலாமா?

அவசரத்துக்கு நிரப்பலாம். லேடெக்ஸ் கலந்த சில சீலன்ட்கள் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) அதில் கட்டியாகிவிடும்; வால்வை மேலே வைத்து நிரப்பி, வீடு திரும்பியதும் சாதாரணக் காற்றுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: 3,000 மீட்டருக்கு மேலே இரண்டு நாள் ஓட்டப்போகிறோம். தனியாகப் பயிற்சி வேண்டுமா?

பயிற்சியைவிட அவகாசம் வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 சதவீதமே. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். நல்ல ஓட்டக்காரர் என்பதால் அது விட்டுவைக்காது. 3,000-க்கு மேல் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே போவதை நிறுத்துங்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: கிராவல் (சரளைப் பாதை) பந்தயத்துக்கு உலகக் கோப்பை உண்டா?

உலக சாம்பியன்ஷிப் உண்டு. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ. நடத்திய முதல் போட்டி 2022 அக்டோபரில் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்தது.

கேள்வி: பம்ப், கருவிகள், உதிரிகள் எல்லாம் கனமாக இருக்கின்றன. எதை விடலாம்?

பம்பை விடக் கூடாது. இரண்டு ட்யூப், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கத் தடித்த பிளாஸ்டிக் துண்டு, சங்கிலி வெட்டி, இணைப்புக் கண்ணி ஆகியவை கட்டாயம். எல்லோரும் மறப்பது ஹேங்கரை: பின்கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு அது; சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையக்கூடும், நிமிர்த்தும்போது முறியவும் கூடும். இருபது, முப்பது கிராம்தான் எடை. கூட வருபவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சட்டத்துக்குச் சட்டம் அதன் வடிவம் மாறும், அவருடையது உங்களுடையதில் பெரும்பாலும் பொருந்தாது.