மதில் நகரத்துக்கு பஸ்ஸில்: டுப்ரோவ்னிக் கேள்வி பதில்

குரோஷியாவில் ஸ்பிளிட் நகரிலிருந்து டுப்ரோவ்னிக் வரை கடற்கரைச் சாலையில் மூன்று முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அதைச் சொல்லப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முதுகுவலி. ரயிலில் போக வழி உண்டா, ஐயா?

இல்லை அம்மா. டுப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது; தண்டவாளம் ஸ்பிளிட்டோடு சரி. பஸ்ஸில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். நாலு, நாலரை மணி நேரம் ஆகும், நடுவில் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். வலப்பக்க ஜன்னலோரம் அம்மாவை உட்கார வையுங்கள். வழி நெடுகக் கடல் அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் பியோகோவோ மலை. அதுவும் அழகுதான், ஆனால் அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும்.

பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களாமே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, அங்கே அதுதான் வழக்கம். அடியறையில் பெட்டி வைக்க ஒன்றிரண்டு யூரோ கையில் வாங்கிக்கொள்வார்கள். சில்லறை வைத்திருங்கள். நூறு யூரோ நோட்டை நீட்டினால் ஓட்டுநரின் முகம் போகும் போக்கைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நாட்டுக்குள் போகும் பஸ்ஸில் பாஸ்போர்ட் எதற்கு?

நல்ல கேள்வி. விடை 1699-இல் இருக்கிறது. டுப்ரோவ்னிக் அப்போது ரகூசா என்ற தனிக் குடியரசு. துருக்கிய சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 தங்கக் காசு கப்பம் கட்டிவிட்டு நிம்மதியாக வணிகம் செய்துவந்தது. அதன் உண்மையான பயம், பக்கத்துக் கடற்கரையை ஆண்ட வெனிஸ். வெனிஸின் படை தரைவழியாக வந்துவிடக் கூடாதென்று, நெயும் என்ற கடற்கரைத் துண்டைத் துருக்கியர் கைக்கே விட்டது. இடையில் சுல்தானின் மண் இருந்தால் வெனிஸ் மிதிக்கத் தயங்குமல்லவா! அந்தத் துண்டு இன்று போஸ்னியாவின் ஒரே கடற்கரை. அதனால் குரோஷியா இரண்டாகப் பிளந்து கிடந்தது. பஸ்கள் எல்லையைத் தாண்டி, இருபது கிலோமீட்டர் போகும் முன் மறுபடி எல்லையில் நின்றன.

2022 ஜூலையில் 2,404 மீட்டர் நீளப் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. ஆனாலும் டிக்கெட் வாங்கும்போது பாலம் வழியா, நெயும் வழியா என்று கேட்டுவிடுங்கள். குரோஷியா 2023 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது, போஸ்னியா இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் நெயும் வழியாகப் போனால் திரும்பி நுழைவது சிக்கல்.

அப்படியானால் மோஸ்தார், கொட்டோர் ஒருநாள் பயணம்?

அதே சிக்கல்தான். மோஸ்தார் போஸ்னியாவில், கொட்டோர் மாண்டினீக்ரோவில்; இரண்டுமே ஷெங்கனுக்கு வெளியே. பலமுறை நுழையும் விசா இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பஸ் நிலையம் பழைய நகரத்துக்குப் பக்கமா?

இல்லை. குருஷ் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகரப் பேருந்து 1ஏ அல்லது 1பி பிடித்தால் பழைய நகரத்தின் நுழைவாயிலான பீலே வாயில். டிக்கெட்டை ஓட்டுநரிடம் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவது மலிவு. ஒரு மணி நேரம் செல்லும். பகல் மட்டும் சுற்றுபவர்கள் பெட்டியை நிலையத்திலேயே ஒப்படையுங்கள். பழைய நகரத்தில் வண்டி ஓடாது, சந்தெல்லாம் படிக்கட்டு.

மதில்மேல் நடக்க இவ்வளவு காசா! தேவைதானா, அண்ணா?

கோடையில் 35 யூரோவைத் தாண்டுகிறது, உண்மைதான். தனியாக வாங்காதீர்கள். நகர அட்டையின் ஒருநாள் விலையும் ஏறக்குறைய அதே. அதில் மதிலும் அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் அடங்கிவிடும்.

தேவைதானா என்றால், தேவைதான். 1,940 மீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். மேலே நின்று கடலை மட்டும் பார்க்காமல் உள்ளே திரும்பிக் கூரைகளைப் பாருங்கள். சில ஓடுகள் வெளிறி, வைக்கோல் நிறத்தில் பாசி படிந்திருக்கும். பெரும்பாலானவை பளிச்சென்ற செம்மஞ்சள். 1991-92-இல் யுகோஸ்லாவிய ராணுவம் போட்ட முற்றுகையில் குண்டு விழுந்து உடைந்தவற்றுக்குப் பதிலாக வேய்ந்தவை அவை. எந்த வீடு தப்பியது என்று விரல்விட்டு எண்ணலாம். காலையில் திறந்ததும் ஏறுங்கள், மேலே நிழலே இல்லை.

அரை நாள்தான் இருக்கிறது. மதில் ஏற முடியாதவர் எதைப் பார்ப்பது?

பழைய நகரத்தின் முக்கிய வீதியான ஸ்ட்ராடூன் சமதளம். ஆனால் காலங்காலமாக மிதிபட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல், மழையில் வழுக்கும். வீதி முடிவில் ஸ்பான்சா மாளிகை, பழைய சுங்கச்சாவடி. உள்முற்ற வளைவில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடா, ஏமாறவும் விடா, நான் சரக்கை நிறுக்கும்போது கடவுள் என்னை நிறுக்கிறார். வணிகர்கள் ஆண்ட ஊரல்லவா!

சைவச் சாப்பாடு?

பிளித்வா கேளுங்கள்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில். மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது, தனியாகவும் தருவார்கள்.

கூட்டத்திலிருந்து தப்ப ஓரிடம் சொல்லுங்கள்.

பத்தாம் எண் பஸ்ஸில் சாவ்தாத். 1377-இல் ரகூசா ஒரு சட்டம் போட்டது: கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்கள் சாவ்தாத்திலோ மிர்கான் தீவிலோ 30 நாள் தங்கிவிட்டுத்தான் நகருக்குள் வரலாம். பின்னால் உலகமெங்கும் வந்த தனிமைப்படுத்தலுக்கு அதுதான் முன்னோடி. மிர்கான் இன்றும் சாவ்தாத் கரையிலிருந்து தெரிகிறது, ஆளில்லாத கல்மேடு. போகும்போது இந்த பஸ்ஸிலும் கடல் வலப்பக்கம்தான், திரும்பும்போது இடப்பக்கம்.