நாய்க்குப் பச்சை இறைச்சி: பினாங்கு வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நாய்க்குப் பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சி போடுவது பற்றித் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. நாய் கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள். இப்போது ஆயர் ஈத்தாமில், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பச்சைக் கறி தின்கிற நாய்களும் அவற்றில் உண்டு.

கவிதா, ஜெலுத்தோங்: அக்கா, எங்கள் நாய் நாட்டு இனம், நான்கு வயது, 12 கிலோ. பச்சைக் கறிக்கு மாற்ற ஆசை. எவ்வளவு போடுவது, எப்படி ஆரம்பிப்பது?

முதலில் அளவைப் பார்ப்போம். பலரும் கண் அளவில் அள்ளிப் போடுவதால்தான் கோளாறே வருகிறது. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 2 முதல் 3 விழுக்காடு. உங்கள் நாய்க்கு 2.5 என்று வைத்தால் 300 கிராம். அதில் 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு வேறு உள்ளுறுப்பு என்பது பச்சைக் கறி போடுகிறவர்களின் வழக்கமான கணக்கு. அதாவது சதை 240, எலும்பு 30, ஈரல் 15, கிட்னி அல்லது மண்ணீரல் 15 கிராம்.

30 கிராம் எலும்பு என்றதும் 30 கிராம் கோழிக் கழுத்தை நிறுத்துப் போடாதீர்கள். கழுத்தில் எலும்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், மீதி சதை. அதனால் 80 கிராம் கழுத்து, 190 கிராம் எலும்பில்லாத சதை, அப்புறம் ஈரலும் கிட்னியும். கூட்டினால் 300 வந்துவிடும். கோழியின் இதயத்தையும் இரைப்பையையும் உள்ளுறுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை சதைக் கணக்கு. ஈரல் சத்தானது என்று கூட்டிவிடவும் வேண்டாம். வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு நாள் கால் பங்கு கறி, முக்கால் பங்கு பழைய தீனி. பிறகு பாதிக்குப் பாதி. அதுவரை ஒரே இறைச்சி, கோழி என்றால் கோழி மட்டும். வயிறு பழகிய பிறகே ஈரல். இடையில் மலம் கொஞ்சம் இளகினால் பயப்பட வேண்டாம். தண்ணீராகப் போனாலோ, இரத்தம் கண்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இந்த 80:10:10 கணக்கோடு வேலை முடிந்துவிடாது. அயோடின், துத்தநாகம், மாங்கனீசு, வைட்டமின் ஈ, வைட்டமின் டி எல்லாம் இதில் குறையும். வீட்டில் செய்யும் நாய் உணவுக் குறிப்புகள் 200-ஐக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. அவற்றில் 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. அதனால் வைட்டமின் தாதுக் கலவை எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுரேஷ், பட்டர்வொர்த்: நான் ஆறு மாதமாக எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும்தான் போடுகிறேன். முடி பளபளவென்று இருக்கிறது. இதுவே போதும்தானே?

போதாது தம்பி. முடி பளபளப்பது கொழுப்பும் புரதமும் கிடைப்பதால். எலும்பில் நடப்பது வெளியே தெரியாது. 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கும், கால்சியம் 10 அல்லது 15-தான். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாக, அல்லது சற்றுக் கூடுதலாக வேண்டும். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு சொந்த எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வளர்ந்த நாயில் இது மெல்ல நடக்கும். குட்டியில் சில வாரங்களிலேயே கால் வளையும், சும்மா குதித்தாலே எலும்பு முறியும்.

எலும்பு போடத் தயக்கமாக இருந்தால் முட்டை ஓடு இருக்கிறது. ஓட்டைக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மிக்ஸியில் மாவு போல அரைத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கறி அரைக் கிலோவுக்கு அந்த மாவு அரைத் தேக்கரண்டி. அதில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். குருணையாக விடாதீர்கள், அப்படியே வெளியே வந்துவிடும்.

பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்: நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. விற்றவர் பச்சைக் கறியும் எலும்பும் மட்டும் போடச் சொன்னார்.

வேண்டாம். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கோளாறு, கூடினாலும் கோளாறு. கூடுதலாக வருவதைத் தள்ளிவிட அந்த வயதில் குடலுக்குத் தெரியாது. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீனியைப் போடுங்கள். வளர்ச்சி முடிந்த பிறகு, ஒன்றரை வயது வாக்கில், மறுபடி யோசிக்கலாம்.

தேவி, குளுகோர்: வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான், நான் இப்போது ஐந்து மாதம். நாய்க்குப் பச்சைக் கறி போட என் கணவர் பிடிவாதமாக நிற்கிறார்.

அவரிடம் இதை அப்படியே காட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு இது கூடாது, நாயின் நன்மைக்காகக் கூட.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் சர்வ சாதாரணம். நாய் அவற்றைத் தின்றுவிட்டு நோயே இல்லாமல் திரியும், ஆனால் மலத்தில் நாள் கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தை நக்கும், அதே வாயால் பிள்ளையின் முகத்தை நக்கும். பிள்ளை தரையில் தவழ்ந்த கையை வாயில் வைப்பான். கர்ப்பிணிக்கு லிஸ்டீரியாவும் டாக்ஸோபிளாஸ்மாவும் வேறு பயம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, கீமோ எடுப்பவர், வயதானவர், இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தாலும் வேகவைத்துப் போடுங்கள்.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பார் அவர். போகிற சில வைட்டமின்களைக் கலவையால் ஈடுகட்டிவிடலாம். எலும்பில்லாத கறியைத் தண்ணீர் கொஞ்சமாக விட்டு வேகவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்துப் போடுங்கள். கால்சியத்துக்கு முட்டை ஓடு. என்னைக் கேட்டால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் நாலு தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் இதுதான் பொருத்தம். பச்சைக் கறியால் வந்தது என்று சொல்லப்படும் நன்மையில் பாதி, கண்டதையும் போடுவதை நிறுத்திவிட்டு அளந்து போட ஆரம்பித்ததால் வந்தது.

முரளி, சுங்கை ஆரா: ஃபிரீசரில் மூன்று நாள் வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது, தூங்கும். வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும். உறையவைப்பது ஒட்டுண்ணிகளுக்குத்தான் எமன். மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைப்பது அதற்காக. பாக்டீரியாவுக்குச் சூடு ஒன்றுதான் வழி.

பச்சையாகத்தான் போடுவேன் என்றால் கைப்பழக்கத்தில் கவனமாக இருங்கள். காலையில் முதல் ஆளாக மார்க்கெட்டுக்குப் போங்கள். பதினொரு மணி வரை மேசையில் கிடந்த கோழி வேண்டாம். சௌராஸ்தாவோ ஜெலுத்தோங்கோ, ஐஸ் போட்ட பையோடு போய் நேராக வீட்டுக்கு வாருங்கள், நடுவில் ரொட்டி சானாய்க்கு உட்காராதீர்கள். அன்றே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். இளக்குவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில், இரவு முழுக்க. சிங்க்கில் கோழியைக் கழுவும் பழக்கத்தை விடுங்கள், தெறிக்கிற தண்ணீரில்தான் கிருமி பரவுகிறது. நாய்க்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. தட்டு அரை மணி நேரத்துக்கு மேல் தரையில் இருக்கக் கூடாது. மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தட்டைச் சோப்புப் போட்டுச் சுடுநீரில் கழுவுங்கள்.

லலிதா, பிறை: எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சியே வராது, மாமியார் விடமாட்டார். அது இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். ஆட்டுக்கறியில் இரும்பும் துத்தநாகமும் நன்றாகவே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் உறைந்த மட்டன் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கோழி, வாத்து, முட்டை, ஆட்டுக் குடல் என்று வாரத்துக்குள் மாற்றி மாற்றிப் போடலாம். தயாரித்த பச்சை உணவுப் பொட்டலம் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். முன்னால் கோழி என்று பெரிதாக எழுதியிருக்கும், பின்னால் மாட்டு ஈரல் இருக்கும். மாமியாரிடம் பிறகு யார் பதில் சொல்வது?

ஜான், தஞ்சோங் பூங்கா: பன்றி இறைச்சி?

பச்சையாக வேண்டவே வேண்டாம். ஆஜெஸ்கி என்ற வைரஸ் பன்றியைப் பெரும்பாலும் கொல்லாது, ஆனால் நாய்க்குத் தொற்றினால் ஓரிரு நாளில் முடித்துவிடும். மருந்து கிடையாது. நன்றாக வேகவைத்து, கொழுப்பை நீக்கிக் கொடுக்கலாம்.

குமார், ஜார்ஜ்டவுன்: சூப் கடையில் மிஞ்சும் ஆட்டெலும்பை அண்ணன் சும்மாவே தருகிறார். கொடுக்கலாமா?

அண்ணன் நல்ல மனசுக்காரர், ஆனால் வாங்காதீர்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும், குடலைக் கிழிக்கும். கிளினிக்கில் இருந்தபோது தீபாவளி முடிந்த வாரத்தில் இதற்காகத்தான் எக்ஸ்ரே அறை ஓயாது. தவிர அந்தச் சூப்பில் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக்குப் பூண்டு நல்லது என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்.

பச்சை எலும்பிலும் எல்லாம் ஒன்றல்ல. மாட்டின் தொடை எலும்பு போன்ற கனமானவை நாயின் கடைவாய்ப் பல்லைப் பலகை போலப் பிளந்துவிடும். மேல் வரிசையில் பெரிதாக இருக்குமே, அந்தப் பல். விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். விழுங்கிப் பழகிய நாய்க்குக் கழுத்தெலும்பைக் கூட அரைத்துத்தான் போட வேண்டும்.

ரேவதி, நிபோங் தெபால்: மலம் வெள்ளையாக, சுண்ணாம்பு போல உதிர்கிறது. முக்குகிறான்.

எலும்பு கூடிவிட்டது. பாதியாகக் குறையுங்கள். நேர்மாறாகக் கறுத்து இளகினால் உள்ளுறுப்பு கூடியிருக்கலாம். ஆனால் தார் போலக் கறுத்து நாறினால் அது இரத்தமாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

சிவா, பாயான் லெப்பாஸ்: தினமும் பச்சைக் கோழிக் கழுத்து தின்கிற நாய். நேற்றிலிருந்து பின்னங்கால் தள்ளாடுகிறது, இன்று முன்னங்காலும் தளர்கிறது. குரலும் மாறிவிட்டது.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எல்லா நேரமும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம். உண்ணி, பாம்பு, முதுகெலும்பு என்று காரணம் பல இருக்கலாம். ஆனால் கழுத்துக் கறி பற்றி முதலிலேயே சொல்லுங்கள். பச்சைக் கோழி தின்கிற நாய்களுக்குக் கேம்பைலோபாக்டர் வழியாக நரம்புகள் வீங்கிச் செயலிழக்கும் நோய் வருவதற்குத் தொடர்பு இருப்பதை மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டியது. மூச்சுத் தசைகளுக்குப் பரவினால் ஆபத்து. பெரும்பாலான நாய்கள் தேறிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அனிதா, செபராங் ஜெயா: நாய் ஓநாய் வம்சம்தானே? சோறு எதற்கு?

வம்சம்தான். ஆனால் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாயின் குடல் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி, நாய்களிடம் பல மடங்கு கூடுதல். சுவீடன் ஆய்வாளர்கள் இதை 2013-இல் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் சோறு ஒன்றும் செய்யாது. சோறே முக்கால் தட்டு என்றால் அது வேறு கதை.

கணேசன், ஆயர் ஈத்தாம்: டாக்டரிடம் பச்சைக் கறி என்றதும் திட்டிவிட்டார். இனிமேல் சொல்லாமலே விட்டுவிடலாமா?

சொல்லாமல் விட்டால் நஷ்டம் நாய்க்கு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லிருந்தே வேகவைக்காத இறைச்சியைப் பரிந்துரைப்பதில்லை, அதனால் அவர் சொன்னதில் வியப்பில்லை. "நான் போடுகிறேன், இதுதான் அளவு, என்ன குறைகிறது பாருங்கள்" என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முறையாகக் கணக்குப் போட்டுத் தர ஆள் வேண்டுமென்றால், செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கே விசாரித்துப் பாருங்கள். உங்களுடையது மினியேச்சர் ஷ்னாசர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இனத்துக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏறும், கணைய அழற்சி எளிதில் வரும். கோழித் தோலும் கொழுப்பும் அதற்கு விஷம் மாதிரி. டாக்டர் திட்டியது அதற்காகவும் இருக்கலாம்.

பார்வதி அம்மா, ஜெலுத்தோங்: வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுக்கமாட்டோம். நாய்க்கு என்ன செய்வது?

ஒரு நாள் கறி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாதம்மா, சத்துக் கணக்கை வாரத்துக்குப் பார்த்தால் போதும். அவித்த முட்டை ஆகுமென்றால் இரண்டு, ஆகாதென்றால் வெங்காயம் போடாமல் வேகவைத்த பருப்பும் கொஞ்சம் சோறும் தயிரும். உப்பு வேண்டாம், தாளிக்கவும் வேண்டாம். பூஜைக்கு வைத்த திராட்சையை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க ஒரு கைப்பிடியே போதும். காய்ந்த திராட்சை போட்ட பாயசமும் அப்படித்தான்.