அவருக்காக அழ எனக்கு என்ன உரிமை?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 71 வயது. பிறந்தது யாழ்ப்பாணம். கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, ஒரு கவுன்சிலின் கணக்குப் பிரிவில் பென்சன் எடுக்கும்வரை வேலை செய்தேன். கணவர் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. மகன் குடும்பத்தோடு கொஞ்சம் தள்ளி இருக்கிறான். நான் தனியேதான் இருக்கிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

கணவர் போன பிறகு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மாதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு 'யூ த்ரீ ஏ'க்குப் போனார். மூன்றாம் வயதினருக்கான பல்கலைக்கழகம் என்று பெயரே தவிர, பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை, சம்பளம் வாங்கிப் படிப்பிப்பவரும் இல்லை. வேலையிலிருந்து ஓய்ந்த சனம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறது. எங்கள் கிளையில் திங்கள் பாறைகளும் புவியியலும், செவ்வாய் யூகலேலி என்ற சின்னக் கிற்றார், புதன் உள்ளூர் வரலாறு, வியாழன் பிரெஞ்சு உரையாடல், வெள்ளி நடை. எல்லாம் ஒரு சேர்ச் ஹோலிலும் ஆட்களின் வீட்டு ஹோல்களிலும்தான் நடக்கும்.

கணக்குப் பிரிவில் இருந்தவள், ஒழுங்காகச் செய்வாள் என்று வாராந்தச் செய்தி மடலை என் தலையில் கட்டினார்கள். வியாழன் இரவு எல்லாவற்றையும் தொகுத்து வெள்ளி காலை ஈமெயிலில் அனுப்ப வேண்டும். அடுத்த கிழமை எந்தக் குழு எங்கே கூடுகிறது, கோடைச் சுற்றுலா பஸ்ஸில் எத்தனை இடம் மிச்சம், ஹோலின் ஹீட்டர் பழுது, யாரோ விட்டுப்போன குடை. எனக்குப் பிடித்த வேலை. ஒரு பகுதி மட்டும் கஷ்டம். 'எங்கள் நினைவில்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. ஆள் காலமானால் பெயர், இருந்த குழு, குடும்பத்தின் விருப்பம், அவ்வளவுதான் போட வேண்டும். இரண்டு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது என்று கொமிட்டியின் விதி.

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் வரலாற்றுக் குழுவை நடத்தியவர் காலமானார். நில அளவையாளராக இருந்தவர். பழைய வரைபடங்களைப் பிளாஸ்டிக் குழாயில் சுருட்டிக்கொண்டு வருவார். மேசையில் விரித்தால் அது திரும்பச் சுருண்டுவிடும். நாலு மூலைக்கும் எங்கள் தேத்தண்ணீர்க் கோப்பைகளை வாங்கி வைப்பார். கூட்டம் முடிகிறவரை ஒருவருக்கும் தேத்தண்ணீர் இல்லை! ஒருநாள், உங்கள் ஊர்த் தெருவைக் கீறிக் காட்டுங்கள் என்று என்னிடம் கேட்டார். கீறினேன். பெரிய ஆஸ்பத்திரி, சந்தை, நூலகம் என்று போட்டபோது நூலகத்தில் கை நின்றுவிட்டது. 1981இல் எரித்ததைச் சொன்னேன். இதை நீங்கள் எல்லாருக்கும் பேச வேண்டும் என்று விடாமல் நச்சரித்து என்னைப் பேச வைத்தார். வாழ்நாளில் நான் மேடையில் பேசியது அது ஒன்றுதான்.

அவருடைய மகளின் ஈமெயில் ஒரு வியாழன் பின்னேரம் வந்தது. சடங்கு ஏதும் இல்லை, ஆட்கள் கூடாமல் நேரே தகனம், கோடையில் எப்போதாவது ஒரு சந்திப்பு வைப்போம் என்று எழுதியிருந்தார். அன்றிரவே நான் அந்த இரண்டு வரியை எழுதினேன். அதற்குக் கீழேயே, 'புதன் வரலாற்றுக் குழுவை நடத்த ஆள் தேவை, ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்' என்றும் எழுதினேன். எழுதச் சொன்னதும் கொமிட்டிதான்.

அதிலிருந்து வியாழக்கிழமை வந்தாலே வயிறு பிசைகிறது. நித்திரை சரியில்லை. கோயிலில் தெரிந்தவர்களிடம் சொல்லலாம் என்றால், யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்காக இந்த மனுசி ஏன் அழுகிறாள் என்று கதைப்பார்கள். மகனிடம் தலையிடி என்று மட்டும் சொன்னேன். "சம்பளமில்லாத வேலைதானே அம்மா, விட்டுவிடுங்கோ" என்கிறான். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். தொடர்கிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். விட்டுவிடட்டுமா? இந்த வயதில், எனக்கு உறவுமுறை ஒன்றும் இல்லாத மனிதருக்காக இப்படி இருப்பது சரியா?

பெயர் வேண்டாம்,
வடமேற்கு லண்டன்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மடலை விடுவதா என்பதை முதலில் கேட்டு, மற்றதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள். வேலைக் களைப்பு இல்லை, வயதுக் கோளாறும் இல்லை. ஒரு நல்ல சிநேகிதர் போய்விட்டார். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட நூல் ஒன்று, ஊர் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றியே பேசுகிறது. செத்தவருக்கு நீ யார் என்று கேட்டால் சொல்ல ஓர் உறவுமுறை இல்லாதவர்கள் படும் துக்கம் அது. பழைய காதலர், வேலைத்தலத்து நண்பர், நோயாளியை வருடக்கணக்கில் பார்த்த தாதி. இவர்களுக்கு லீவும் கிடைக்காது, ஆறுதல் சொல்ல ஒருவர் வரவும் மாட்டார். அழுகையோடு, அழுவது பிழையோ என்ற கூச்சமும் சேர்ந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் தெரிந்தது அந்தக் கூச்சம்தான்.

உங்கள் கணவர் போனபோது என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். செத்தவீட்டுக்கு ஊரே வந்திருக்கும். எட்டாம் நாள் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு, கையில் கொடுக்கக் கல்வெட்டு என்ற நினைவுப் பாட்டுப் புத்தகம், வானொலியில் மரண அறிவித்தல். லண்டனிலும் நாங்கள் இதில் ஒன்றையும் விடவில்லை. இதன் தொல்லைகளை நான் நன்றாகவே அறிவேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியே களைத்துப்போய், அழ நேரமில்லாமல் போன மனைவிமார் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஏற்பாடு துக்கப்படுபவருக்கு உட்கார ஓர் இடம் கொடுக்கிறது. இந்தச் சிநேகிதருக்கு அதுகூட இல்லை. ஆட்கள் கூடாத நேரடித் தகனம் பிரிட்டனில் இப்போது பெருகிவருகிறது. செலவு குறைவு என்பதும் காரணம், ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று இறந்தவரே சொல்லிவைப்பதும் காரணம். அந்த மகளைக் குளிர்ந்த மனசுக்காரி என்று நினைக்க வேண்டாம். ஆனால் குடும்பத்துக்கு வசதியான அந்த ஏற்பாட்டில் சிநேகிதர்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். உங்களுக்கு அவருடைய செத்தவீடு என்று இருந்தது நீங்கள் தட்டச்சு செய்த இரண்டு வரிதான்.

இனி அந்த 'ஆள் தேவை'. அதை எழுதிய கையை நீங்கள் நொந்துகொள்கிறீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இருவர் 1999இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொன்னார்கள். எங்கள் துறையில் இன்றுவரை பயன்படுகிற விளக்கம். துக்கப்படும் மனம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கொஞ்ச நேரம் இழப்பைப் பார்க்கும், அப்புறம் திரும்பி அன்றாட வேலையைப் பார்க்கும், மறுபடி இழப்புக்குப் போகும். இப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்கிறார்கள். ஆகவே ஒருவர் போன பிறகு புதன்கிழமைக் குழுவை யார் நடத்துவது என்று யோசிப்பதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை. ஆனால் மனம் தன் போக்கில், தன் வேகத்தில் போய்வர வேண்டியதை, கொமிட்டி உங்களிடம் ஒரே இரவில், ஒரே பக்கத்தில் கேட்டுவிட்டது. அது உங்களால் தாங்கக்கூடியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதில் எனக்கு உங்கள் கொமிட்டியில் கொஞ்சம் கோபமே வருகிறது.

கோபத்தோடு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். உங்கள் யூ த்ரீ ஏ, 1973இல் பிரான்சின் துலூசில் பியேர் வெல்லாஸ் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்த்துத் தொடங்கிய இயக்கம். பிரிட்டனுக்கு 80களின் தொடக்கத்தில் வந்தபோது பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூவரும் அதை வேறுமாதிரி அமைத்தார்கள். பேராசிரியர் வேண்டாம், படிக்கிறவரே படிப்பிக்கட்டும் என்றார்கள். வரலாற்றாசிரியரான லாஸ்லெட் வாழ்வை நாலாகப் பிரித்தார்: பிறரைச் சார்ந்த பிள்ளைப் பருவம், உழைப்பும் பொறுப்பும், பிறகு தனக்கென்று வாழும் மூன்றாம் வயது, அதற்கப்பால் தளர்ச்சியும் முடிவும். உங்கள் இயக்கத்தின் பெயரே அந்த மூன்றாவதில் நிற்கிறது. யூகலேலியும் நடையும் பஸ் சுற்றுலாவும் அதற்குத்தான். ஆனால் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் கதவு எதுவும் இல்லை. கவுன்சிலில் ஆட்கள் வேலை மாறிப் போவார்கள், பிரியாவிடை வைப்பீர்கள். உங்கள் கிளையில் பலர் பிரிவது மரணத்தால்தான் இருக்கும். மூன்று வரி விதி போட்டவர்களும் தங்கள் பயத்தில்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியை வாசிக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் அங்கே ஒரு கணம் வைத்துப் பார்ப்பார் அல்லவா? வாசிக்கிறவர் சட்டென்று கீழே ஹீட்டர் செய்திக்குப் போய்விடலாம். எழுதுகிற உங்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

மடலை இப்போது விடாதீர்கள். மகன் சொல்வதில் பாதி சரி: பாரம் அதிகம். ஆனால் வியாழன் இரவை விட்டால் வெள்ளி காலை துக்கமும் போய்விடும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. போகாது. அதோடு, கணவருக்குப் பிறகு உங்களை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிற கயிறுகளில் இது ஒன்று. பொதுக்கூட்டத்துக்கு முன்பே தலைவரைத் தனியே கண்டு, தொடர்கிறேன், ஆனால் இப்படி என்று சொல்லுங்கள். இன்னொருவரும் சேர்ந்து இருவரும் மாறிமாறி ஒவ்வொரு கிழமை செய்வது. மரணச் செய்தி வந்து சேர்கிற இடம் உங்கள் ஈமெயிலாக இருக்கக் கூடாது. பல கிளைகளில் உறுப்பினர் நலம் பார்க்கவென்றே ஒருவர் இருப்பார். அவர் குடும்பத்தோடு கதைத்துவிட்டு உங்களுக்குத் தரட்டும். ஒருவர் காலமான செய்தி வருகிற மடலில் அவருடைய இடத்துக்கு ஆள் கேட்பதில்லை. அது அடுத்த மடலுக்கு. இந்த மடலில், 'குழு வழக்கம்போல் புதன் கூடும், அவரைப் பற்றிக் கதைப்போம்' என்று போட்டால் போதும். ஒரு புதன் நடத்த ஆள் இல்லாமல் கூடினால் குடி முழுகிவிடாது. உங்கள் குழு இப்படி ஒருநாள் கூடியதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கூடவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. உங்களைப்போல் தனியே அழுகிறவர் அங்கே இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

மூன்று வரி விதி மடலுக்கு மட்டும்தான். அவருக்கு நீங்கள் ஒரு கல்வெட்டு எழுதுங்கள். வெண்பா வேண்டாம், எங்கள் கல்வெட்டுகளில் பாதி, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற பாட்டுத்தான். எனக்கு எழுதியதில் இருப்பதுபோல் எழுதுங்கள். நாலு கோப்பையை எழுதுங்கள். நூலகத்தைப் பற்றி உங்களைப் பேச வைக்க அவர் எப்படியெல்லாம் நச்சரித்தார் என்பதை எழுதுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அவர் மகளுக்கு அனுப்புங்கள். அப்பா புதன்கிழமைகளில் எப்படி இருந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு அனேகமாகத் தெரியாது. கோடைச் சந்திப்பு நடந்தால் உங்களையும் கூப்பிடச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். கூப்பிடாமல் விட்டால் அது மறதிதான் என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கேளுங்கள்.

கோயிலில் கதைப்பார்களே என்ற பயம். உண்மைதான், சிலர் கதைப்பார்கள். ஆணும் பெண்ணும் சிநேகிதமாக இருக்கலாம், அதுவும் 70க்கு மேல், அதுவும் வெள்ளைக்காரரோடு, என்பதை ஏற்க எங்கள் சனத்துக்கு இன்னும் காலம் எடுக்கும். அந்த ஆட்களிடம் போய் ஆறுதல் தேட வேண்டாம். ஆனால் மகனிடம் தலையிடி என்று சொன்னது போதாது. உங்களை 'விட்டுவிடுங்கோ' என்கிறவனுக்கு எதை விடச் சொல்கிறான் என்றே தெரியாது. எனக்கு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதியை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், பதில் எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. இப்போது வருகிற அழுகையில் உங்கள் கணவருக்கான பங்கும் இருக்கிறதா? அந்த நாட்களில் நீங்களும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரா? புதுத் துக்கம் வரும்போது பழைய கணக்கும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். கணக்குப் பிரிவுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, எது எதற்கான தொகை என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

நித்திரை இல்லாமல் எவ்வளவு காலம் என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் சில கிழமைகள் இப்படியே போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வெளியே போகவே மனமில்லாவிட்டால், அல்லது இனி இருந்து என்ன என்ற நினைவு ஒரு தடவை வந்தாலும், உடனே உங்கள் ஜிபியை, அதாவது குடும்ப வைத்தியரைப் பாருங்கள். தலையிடி என்று அவரிடமும் மறைக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவரோடு கதைக்கவென்றே க்ரூஸ் என்ற அமைப்பு இங்கே 1959 முதல் இயங்குகிறது. விதவைகளுக்காகத் தொடங்கி இப்போது எல்லாருக்கும் உதவுகிறது. சிநேகிதருக்காக அழுகிறேன் என்று சொல்லியே அங்கே கதைக்கலாம். முறை என்ன என்று கேட்க மாட்டார்கள்.

பொதுக்கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்று வசதிப்பட்டால் ஒரு வரி எழுதுங்கள். வரலாற்றுக் குழுவுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றால், மேடையில் நூலகத்தைப் பற்றிப் பேசிய ஒருவரின் பெயரையும் கொமிட்டி யோசிக்கலாம். உடனே வேண்டாம், கோடைக்குப் பிறகு.