ஆலைக் குழியில் ஆள் இறங்கும் முன்: யாரைப் பழக்குவது, எப்படி?

கேள்வி: மன்னார்குடி பக்கம் புழுங்கலரிசி ஆலை நடத்துகிறேன். இருபத்தைந்து பேர் வேலை பார்க்கிறார்கள், பாதிப்பேர் வடமாநிலத்தவர். சம்பா நெல் வருவதற்குள் எலிவேட்டர் (நெல்லை மேலே ஏற்றும் இயந்திரம்) குழியையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய வேண்டும். பாதுகாப்பைக் கவனிக்க எங்கள் ஆட்களிலேயே ஒருவரைப் பழக்கலாமா?

பதில்: தாராளமாகப் பழக்கலாம். உங்கள் அளவு ஆலைக்குத் தனியாகப் பாதுகாப்பு அலுவலர் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் குழியில் ஆள் இறங்குவதற்குச் சின்ன ஆலை, பெரிய ஆலை என்ற பேதம் கிடையாது. காற்றைச் சோதித்து, தகுதியானவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் இருந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இருந்த விதி இது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அனுபவத்தை மட்டும் பார்க்காதீர்கள். “இன்னிக்கு இறங்க வேணாம் முதலாளி” என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர் வேண்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை எல்லார் முன்னிலையிலும் நீங்களே அறிவியுங்கள். குழியில் ஆள் இருக்கும்வரை மூட்டை ஏற்றவோ லாரிக்குக் கணக்கு எழுதவோ அவரைக் கூப்பிடக் கூடாது.

பயிற்சியைக் குழி ஓரத்திலேயே நடத்துங்கள். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அதை முதலில் மறக்கடிக்க வேண்டும். ஊறல் தண்ணீரும் உமியும் அழுகும் தொட்டியில் மீத்தேன் சேரும்; அங்கே சுடரே ஆபத்து. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருப்பதை விளக்கு காட்டாது. மூக்கையும் நம்ப முடியாது: அந்த வாயு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய், அழுகின முட்டை நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிடுச்சுண்ணே, இறங்கலாம்” என்று யாராவது சொன்னால் அப்போதுதான் உங்கள் ஆள் இன்னும் உஷாராக வேண்டும்.

அவர் கையில் நாலு வாயு காட்டும் மீட்டர் இருக்கட்டும். கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று இறக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் ஓரிரு நிமிடம் நிறுத்திப் படிக்கப் பழக்குங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. புளோயர் (காற்று ஊதும் விசிறி) வைத்துக் காற்றை மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒருமுறை அளந்ததோடு முடிந்துவிடாது. அடியில் கிடக்கும் சகதியை மண்வெட்டியால் கிளறியதுமே அடைபட்ட வாயு கிளம்பும். அதனால் இறங்குபவர் சட்டையிலும் ஒரு மீட்டர் மாட்டியிருக்க வேண்டும். எலிவேட்டர் குழி என்றால் கூடவே மோட்டார் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை நீங்கள் பழக்கிய ஆளே வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லித்தருவதில் மிகக் கடினமானது மீட்புதான். உள்ளே ஒருவர் சாய்ந்துவிட்டால் அடுத்தவர் குதித்துவிடுகிறார். கண்ணெதிரே கூட வேலை செய்கிறவர் விழுந்தால் யாருக்கும் மனசு கேட்காது. இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1986-இல் எழுதியது. வாயால் சொல்லி இதைத் தடுக்க முடியாது, கை பழக வேண்டும். குழி வாயில் மூன்று கால் தாங்கி (டிரைபாட்) நிறுத்தி, ஹார்னஸ் என்ற உடல் பட்டையில் ஒரு நெல் மூட்டையைக் கட்டி இறக்கி, வின்ச் என்ற கயிறு சுற்றும் உருளையால் மேலே தூக்கச் செய்யுங்கள். நேரம் குறியுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். தீயணைப்பு வண்டி அதற்குள் உங்கள் ஆலைக்கு வந்து சேராது. மூட்டை இரண்டு நிமிடத்துக்குள் மேலே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும்.

வடமாநில ஆட்களில் தமிழ் தெரிந்த ஒருவரையும் சேர்த்துப் பழக்குங்கள். கயிற்றை ஒருமுறை இழுத்தால் நலம், மூன்றுமுறை இழுத்தால் தூக்கு என்பதுபோல் சைகைகளை முடிவு செய்துவிட்டால் மொழி தடையாகாது.

மீட்டர் வாங்கும்போது காலிபரேஷன் (அளவு சரியா என்று பார்த்துத் திருத்துவது) எங்கே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்து தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். வாயுவை உணரும் சென்சார் தேய்ந்த மீட்டரும் ஆபத்தில்லை என்பதுபோல் நல்ல எண்ணைக் காட்டக்கூடும்.