கடைசியில் மிஞ்சும் குழந்தை

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் "நீ வராதே" என்று ஒரு குழந்தையை ஒதுக்குகிறார்கள். எப்படி மாற்றுவது?

அறிவுரையை விட ஆள் பிரிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். தலைவர்கள் பெயர் சொல்லி ஆள் எடுக்கும்போதுதான் ஒரு குழந்தை கடைசியில் தனியாக நிற்கிறது. நம் ஊரின் 'உத்தி பிரித்தல்' இதற்கு அருமையான வழி. ஏறக்குறைய சமமாக ஆடும் இருவர் தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி வருவார்கள். "மாம்பழம் வேண்டுமா, பலாப்பழம் வேண்டுமா?" என்று தலைவரிடம் கேட்பார்கள். அவர் சொல்லும் பழம் அவர் அணிக்கு, மற்றது எதிரணிக்கு. யார் எந்தப் பழம் என்று தலைவருக்குத் தெரியாது. அணியும் சமமாகிவிடும்.

சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்ப்பதும் பழைய வழக்கம்தான். அவுட் ஆனாலும் ஆடலாம். சலுகை சரி, பெயர்தான் வேண்டாம். நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல் அது.

சிகாகோவில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி, யாரையும் 'நீ விளையாடக் கூடாது' என்று சொல்லக் கூடாது என விதியே வைத்தார். வைக்கும் முன் பிள்ளைகளிடமே அதை விவாதித்தார். அந்த விவாதம் முக்கியம்.

அப்புறம், சொப்பு விளையாட்டில் "இவளையும் சேர்த்துக்கொள்" என்று அதட்டாதீர்கள். "உங்கள் வீட்டுக்குப் பால்காரர் வரவில்லையா?" என்று கேளுங்கள். இடம் தானாகக் கிடைக்கும்.