எபிடலானை செல் கல்ச்சருக்கு எப்படிக் கரைப்பது?

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. பயோடெக் ப்ராஜெக்ட். 10 மி.கி. எபிடலான் (நாலு அமினோ அமிலம் கோத்த சிறு பெப்டைட்) குப்பி வந்திருக்கிறது, ஐஸ் பேக் உருகிவிட்டது. பயன்படுத்தலாமா? எப்படிக் கரைப்பது? ஹீலா செல்லில் போடலாமா?

பதில்: உலர்ந்த பொடி என்பதால், கத்திரி வெயிலில் ஓரிரு நாள் கூரியரில் கிடந்திருந்தாலும் பெரும்பாலும் கெடாது. கரைத்த பிறகுதான் கவனம் வேண்டும். மைனஸ் 20-இல் வையுங்கள். எடுத்த உடனே மூடியைத் திறந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொடி பிசுபிசுத்துவிடும். அரை மணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டுத் திறங்கள்.

மூலக்கூறு எடை 390.35. அதனால் 10 மி.கி.க்கு 2.56 மி.லி. விட்டால் 10 மில்லிமோலார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சான்றிதழில் உள்ள '98% ஹெச்.பி.எல்.சி. தூய்மை' ஈரத்தையும் உப்பையும் கணக்கில் எடுக்காது. 'நெட் பெப்டைட்', அதாவது பொடியில் உண்மையிலேயே உள்ள பெப்டைட், எவ்வளவு என்று பாருங்கள். அது 80% என்றால் உள்ளே இருப்பது 8 மி.கி.தான், மொத்தம் 2.05 மி.லி. ஆக்க வேண்டும்.

அலனின், குளூட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம், கிளைசின் என நாலே அமினோ அமிலம். அதில் இரண்டு புளிப்பு. பிஹெச் சரிசெய்யாமல் விட்டால் மீடியம் (செல் வளரும் திரவம்) மஞ்சளாகும், செல் தவிப்பதைப் பெப்டைடின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். குறைவான பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 7.4-க்குக் கொண்டுவந்து, பிறகு அளவை நிரப்புங்கள். 0.22 மைக்ரான் ஃபில்டர் செய்து, ஒரு தடவைக்கு ஆகும் அளவாகப் பிரித்து உறையவையுங்கள். பாக்டீரியோஸ்டேடிக் வாட்டர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள 0.9% பென்சைல் ஆல்கஹால் செல்லைப் பாதிக்கும். நானோட்ராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்துச் செறிவை அளக்கும் கருவி) 280 நானோமீட்டரில் அளக்காதீர்கள். டிரிப்டோஃபேன், டைரோசின் இரண்டும் இல்லாததால் ஒன்றும் தெரியாது.

ஹீலா வேண்டாம். அது புற்றுநோய் செல், அதில் டெலோமரேஸ் (குரோமோசோம் நுனிகளை நீட்டும் என்சைம்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ரஷ்யாவின் காவின்சன் குழு 2003-இல் எபிடலானால் டெலோமரேஸ் தூண்டப்பட்டதாக எழுதியது, அந்த என்சைம் இல்லாத மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டில் (இணைப்புத் திசு செல்). எபிடலான் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த ஒரே வட்டத்திலிருந்து வந்தவை. அதனால் கன்ட்ரோல் வலுவாக இருக்கட்டும்: வெறும் பி.பி.எஸ். ஒன்று, அதே நாலு அமிலத்தை வரிசை மாற்றிய பெப்டைட் ஒன்று.

மீந்ததை 'இளமை ஊசி' என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வுக்கு மட்டும் என்று விற்கும் குப்பி ஊசிக்கான தரத்தில் தயாரானது அல்ல. எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) இருந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.