அப்டேட் பாதியில் நின்ற கேமரா: செலவு யார் தலையில்?

கேள்வி: வடபழனியில் இருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். ஒன்பது மாதம் முன்பு 1,42,000 ரூபாய்க்கு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். கம்பெனியின் தளத்திலிருந்தே ஃபர்ம்வேரை (கேமராவை இயக்கும் மென்பொருள்) இறக்கிப் போட்டபோது பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கேமரா ஆன் ஆகவே இல்லை. சர்வீஸ் சென்டரில், "உங்கள் தவறு, வாரண்டி கிடையாது, போர்டு மாற்ற 46,000" என்கிறார்கள். கடைக்காரரோ, "தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் பேச்சை விடுங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கி, தானே பயன்படுத்துபவரையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஆள் வைத்து நாலைந்து கேமரா ஓட்டும் ஸ்டூடியோ என்றால் கதை வேறு.

சரி, வாரண்டி. வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பேட்டரி முழு சார்ஜில் இருந்ததா? உங்கள் மாடலுக்கான கோப்புதானா? முடியும்வரை சுவிட்சைத் தொடாமல் இருந்தீர்களா? வக்கீலிடமாவது இதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அரை சார்ஜில் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதையேதான் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முறைப்படி செய்திருந்தால், பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்று இரண்டையும் எழுப்பலாம்.

அப்டேட் போட்ட மெமரி கார்டை இனி எந்தக் கேமராவிலும் செருகாதீர்கள். ஃபார்மட்டும் செய்யாதீர்கள். ஓர் உறையில் போட்டு வையுங்கள். அதிலுள்ள கோப்புதான் உங்கள் சாட்சி. அப்புறம் சர்வீஸ் சென்டரில் பழுதைக் குறித்துத் தரும் ஜாப் ஷீட்டைப் பாருங்கள். 'கஸ்டமர் டேமேஜ்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஈமெயிலில் கேளுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதைச் சரிக்கட்டவே ஆறு வாய்தா ஆயிற்று.

அடுத்து கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுக்கலாம். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே கேமராவைச் சோதனைக்கு அனுப்பும். அந்தச் செலவு முதலில் உங்கள் தலையில் விழலாம்.

செட்டிங்ஸ் எல்லாம் போய்விட்டதே, அதற்கும் நஷ்டஈடு கேட்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பல மாடல்களில் அவற்றைக் கார்டில் சேமித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் சொல்லும்.

முகூர்த்த நாள் நெருங்கி, கேமரா இல்லாமல் முடியாது என்றால் 46,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். ஆனால் 'ஆட்சேபத்துடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று முதலிலேயே ஈமெயில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.